பொது இரசாயனப் பரீட்சையும் மாணாக்கர் கடமையும்

கற்றவற்றுள் நம்மிடம் நிலைத்திருப்பது எது, நிலையாது ஒழிந்தது எது என்பதைப் பகுத்துக் காட்டுதற்கு ஏற்பட்ட கருவியே பரீட்சை. ஆயினும் மாணாக்கருட் பலர் அதனை ஒரு தண்டனையாகக் கருதி அஞ்சுகின்றனர். வேறு சிலர் அதனை ஒரு சூதாட்டமாக எண்ணி நற்காலத்தை நம்பியிருக்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் பிழைபட்டவை என்பதையும், பரீட்சையைக் கல்விக்கே துணையாக்கிக்கொள்ளும் வழி உண்டென்பதையும் ஈண்டு ஒரு தக்க உதாரணங்கொண்டு விளக்கப் புகுகின்றோம். அவ்வுதாரணம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணாக்கர்க்கு நடைபெறும் பொது இரசாயனப் பரீட்சையாகும்.

அயல்நாட்டுப் பரீட்சை நமக்கு எற்றுக்கு என்று சிலர் வினவலாம். நம் நாட்டுக் கல்லூரிகளில் இரசாயனம் பயின்று, ஆராய்ச்சிப் பட்டம் நாடி அந்நாட்டிற்குச் செல்வோர் பலர். அவர்களுட் பலர்க்கு அங்கே முதலிற் கிடைக்கும் ஊதியத் தொழில் யாதெனில், இப்பொது இரசாயன வகுப்பிற்கு உதவி ஆசிரியராயிருந்து, ஆய்வுக்கூடத்தை மேற்பார்வை செய்வதும், பரீட்சை மண்டபத்திற் காவலிருப்பதும், விடைத்தாள் திருத்துவதுமே. ஆகலின் இப்பரீட்சையின் இயல்பை அறிதல் நமக்கும் பயனுடையதேயாம்.

வகுப்பின் அமைப்பு

பொது இரசாயனம், இரசாயனத்தையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வார்க்கு மாத்திரம் உரிய பாடமன்று. மருத்துவம், மருந்தாக்கம், பொறியியல், வேளாண்மை, உயிர்நூல் முதலிய பல துறைகளுக்கும் அது வாயிலாக அமைந்துளது. மருத்துவராக விரும்பும் அமெரிக்க மாணாக்கர், மருத்துவக் கல்லூரியிற் சேருமுன் பட்டப்படிப்பை முடிப்பதே அங்குப் பெருவழக்கு. அப்படிப்பினுள் ஓராண்டுப் பொது இரசாயனத்தை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கற்றிருத்தல் நெடுங்காலமாக எதிர்பார்க்கப்பட்டு வருகின்றது. இக்காரணங்களால், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரே பருவத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இப்பாடத்திற் சேர்வதும் உண்டு.

இத்துணைப் பேருக்குக் கற்பிப்பதற்கென்றே பெரிய விரிவுரை மண்டபங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிமென்டெல் மண்டபம் அவற்றுள் ஒன்று. அதில் 500 பேருக்கு மேல் அமரலாம். அதன் மேடை வட்ட வடிவினது. மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுச் சுழலும் இயல்புடையது. ஒரு பகுதியில் ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துங்கால், மாணாக்கர் கண்ணுக்குப் புலப்படாத மற்றப் பகுதிகளில் அடுத்த வகுப்பிற்குரிய சோதனைப் பொருள்கள் ஆயத்தஞ் செய்யப்படும். மணி அடித்ததும் மேடையைச் சுழற்றினாற் போதும். இம்மண்டபம் ஜார்ஜ் பிமென்டெல் (1922–1989) என்னும் இரசாயன அறிஞர் பெயரால் வழங்குவது. ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற அவர், முதலாண்டு மாணாக்கர்க்குக் கற்பிப்பதையும் பெரும்பணியாகக் கொண்டவர்.

இத்தகைய மண்டபத்தில் ஆசிரியர் ஒவ்வொரு மாணாக்கர் முகத்தையும் அறிதல் இயலாது. ஆதலால் வகுப்பை இருபது முப்பது பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் உதவி ஆசிரியரிடம் ஒப்புவிப்பர். பருவத்தினிடையே இரண்டு அல்லது மூன்று பரீட்சைகளும், பருவ முடிவில் பாடம் முழுவதையும் தழுவிய ஓர் இறுதிப் பரீட்சையும் நடைபெறுதல் வழக்கம். ஆசிரியரை நேரிற் கண்டு பேசாத மாணாக்கர்க்கு, தம் அறிவின் அளவை அறிவிக்கும் தூது இப்பரீட்சைகளேயாம்.

வினாக்களின் இயல்பு

ஆயிரம் விடைத்தாள்களைச் சில நாட்களுக்குள் திருத்தியாக வேண்டும். அவற்றை ஒரே அளவுகோலால் அளக்கவும் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு வினாவின் கீழும் நான்கு அல்லது ஐந்து விடைகளை அச்சிட்டு, அவற்றுட் சரியானதைத் தேர்ந்து குறிக்கச் செய்யும் முறை இவ்வகுப்புகளிற் பெரிதும் வழங்குகின்றது. மாணாக்கர் சிறு வட்டங்கள் அச்சிட்ட தாளில், தாம் தேர்ந்த விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்புவர். இவ்வகைத் தாள்களைத் திருத்தும் பொறியொன்றை ஐ.பி.எம். நிறுவனம் 1938இல் வெளியிட்டது. பள்ளி ஆசிரியராயிருந்த ரெய்னால்டு ஜான்சன் என்பார் வகுத்த முறையில் அமைந்தது அது. பென்சிலிலுள்ள கிராபைட்டு மின்சாரத்தைக் கடத்தும் என்பது இரசாயன மாணாக்கர் அறிந்ததே. அவ்வியல்பைக் கொண்டே அப்பொறி எந்த விடை குறிக்கப்பட்டுள்ளது என்பதை உணர்ந்தது. பின்னர் ஒளியைக்கொண்டு உணரும் பொறிகள் வந்தன. இப்பொழுது கணினியிலேயே விடையளிக்கும் வழக்கமும் பெருகியுள்ளது. வழிமுறை எழுதும் வினாக்களைச் சேர்த்துக் கையால் திருத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

1876இல் நிறுவப்பட்ட அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சார்பில், நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சைகளும் ஆக்கப்படுகின்றன. அவற்றுள் முதற் பரீட்சை 1934இல் வெளிவந்தது. ஓராண்டுப் பொது இரசாயனத்திற்குரிய அச்சங்கப் பரீட்சை வழக்கமாக 70 வினாக்களையும் 110 நிமிடக் காலவரையறையையும் உடையது. ஒரு வினாவிற்கு ஏறத்தாழ 94 விநாடியே கிடைக்கும். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்மூடிக் குறித்துக்கொண்டே செல்பவருக்கும் சராசரியாக 17 அல்லது 18 விடைகள் சரியாக அமைந்துவிடும். ஆகவே அவ்வளவு மதிப்பெண் பெறுதல் அறிவுக்கு அடையாளம் ஆகாது.

விடையைக் கண்முன் அச்சிட்டு வைத்தபின் அப்பரீட்சை எளிதன்றோ என்று எண்ணுதல் கூடாது. பிழையான விடைகள் மனம்போனபடி எழுதப்படுவன அல்ல. மாணாக்கர் எவ்வெவ்வாறு தவறுவர் என்பதைப் பல்லாண்டு கண்டறிந்த ஆசிரியர், ஒவ்வொரு தவற்றுக்கும் உரிய விடையைக் கணித்தே அங்கு வைத்திருப்பார். ஓர் உதாரணம் காண்போம்.

28 கிராம் நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து, கூடியமட்டும் முழுதும் அம்மோனியாவாக மாறுவதாகக் கொண்டால், கிடைக்கும் அம்மோனியா எத்துணைக் கிராம்? விடைகள்: 17, 25.5, 31, 34.

நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூறு மூன்றோடு கூடி அம்மோனியா மூலக்கூறு இரண்டைத் தரும். 28 கிராம் நைட்ரஜன் 1 மோல். 3 கிராம் ஹைட்ரஜன் 1.5 மோல். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். இருப்பதோ அதிற் பாதி. ஆகவே முதலில் தீர்ந்துபோவது ஹைட்ரஜனே. 1.5 மோல் ஹைட்ரஜனிலிருந்து 1 மோல் அம்மோனியா, அதாவது 17 கிராம், கிடைக்கும். நைட்ரஜனிற் பாதியாகிய 14 கிராம் எஞ்சி நிற்கும்.

இனிப் பிழையான விடைகளை நோக்குக. எது முதலில் தீரும் என்பதை ஆராயாது, நைட்ரஜன் முழுவதும் மாறிற்று எனக் கொள்பவருக்கு 34 கிடைக்கும். இரு பொருள்களின் எடையையும் வாளா கூட்டியவருக்கு 31 கிடைக்கும். ஹைட்ரஜன்தான் முதலில் தீரும் என்பதைக் கண்டும், மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தை மறந்தவருக்கு 25.5 கிடைக்கும். மூவரும் தம் விடை தாளில் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்து, மேற்செல்வர். எனினும் சற்று நிதானித்தவர் 34 என்பதை உடனே தள்ளிவிடலாம். கலத்தில் இட்ட பொருள் மொத்தம் 31 கிராமே. அதிலிருந்து 34 கிராம் பொருள் பிறத்தல் எங்ஙனம் கூடும்? பொருளின் எடை இரசாயன மாற்றத்திற் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று லவாய்சியர் நிலைநாட்டிய விதி, பாடப்புத்தகத்தின் முதற்பகுதியிலேயே உள்ளது. அதனை ஒப்புவிக்க வல்ல மாணாக்கர் பலர், வேண்டுமிடத்து அதனை நினைவிற்கொள்வதில்லை.

கணக்கும் கருத்தும்

கணக்கிற் சரியான விடை கண்டவரெல்லாம் பொருளை உணர்ந்தவராவரோ என்பது அடுத்த வினா. 1987இல் நரன்பெர்ன், பிக்கரிங் என்னும் இரு ஆசிரியர்கள் அமெரிக்க இரசாயனக் கல்வி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாயுக்களின் விதிகளையும், எடை விகிதங்களையும் பற்றி வழக்கமான கணக்குகள் சிலவும், அதே கருத்துக்களை மூலக்கூறுகளின் படங்கொண்டு வினவும் வினாக்கள் சிலவும் அவர்கள் மாணாக்கர்க்கு இட்டனர். கணக்குகளை நன்றாகச் செய்தவரிற் பலர் படவினாக்களில் தடுமாறினர். கணக்குச் செய்யும் திறமை வேறு, கருத்தை உணரும் திறமை வேறு என்பது இதனாற் புலனாயிற்று. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரும் இம்முடிவையே வலியுறுத்தினர்.

மேலே கூறிய அம்மோனியாக் கணக்கையே இம்முறையில் மாற்றிக் காண்க. ஒரு மூடிய கலத்தில் நைட்ரஜன் மூலக்கூறுகள் நான்கும், ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஆறும் இருக்கின்றன. மாற்றம் நிகழ்ந்து முடிந்தபின் கலத்தில் இருப்பவற்றைப் படமாக வரைக. இதுவும் பழைய கணக்கே, விகிதமும் அதுவே. ஆறு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இரண்டு நைட்ரஜன் மூலக்கூறுகளோடு கூடி நான்கு அம்மோனியா மூலக்கூறுகளைத் தரும். இரண்டு நைட்ரஜன் மூலக்கூறுகள் எஞ்சும். சூத்திரத்தில் எண்களை இட்டு 17 என்று முன்னர்ச் சரியாக விடையளித்த மாணாக்கர், இப்படத்தை வரையப் புகுங்கால், எஞ்சிய நைட்ரஜனை மறந்துவிடுதல் உண்டு. இரண்டாகப் பிணைந்துள்ள நைட்ரஜன் அணுக்களைத் தனித்தனியே சிதறி வரைந்துவிடுதலும் உண்டு. அவர் கை கற்றது, கண் கற்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இங்கே பொருந்தும்.

மற்றுமோர் எளிய வினா: நீர் நன்றாகக் கொதிக்குங்கால் அதனடியிலிருந்து எழும் குமிழிகளுள் இருப்பது யாது? காற்று என்பர் சிலர். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்பர் வேறு சிலர். கொதித்தலால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு நீங்குகின்றனவேயன்றி, மூலக்கூறு உடைந்து அணுக்களாவதில்லை. ஆகவே அக்குமிழிகளுள் இருப்பது நீராவியே. ஒவ்வொரு நாளும் அடுக்களையிற் காணும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய வினா இது. இதற்குக் கணக்கு ஒன்றும் வேண்டுவதில்லை. நுணுகி நோக்கும் நோக்கமே வேண்டும்.

படித்தலும் நினைவுகூர்தலும்

மாணாக்கர் பலர் மிகவும் உழைத்தும் பரீட்சையில் தவறுதற்குக் காரணம் யாது? அவர்கள் உழைக்கும் முறையே காரணம் எனலாம். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதும், முக்கியமான வரிகளின்மேல் வண்ணம் தீட்டுவதும், ஆசிரியர் செய்துகாட்டிய கணக்கைக் கண்ணால் தொடர்ந்து சென்று தலையசைப்பதுமே படிப்பு என்று அவர்கள் கருதுகின்றனர். பலமுறை கண்டது பழகிய முகம்போலத் தோன்றும். பழகிய முகத்தை அறிந்த முகமாக மனம் எண்ணிக்கொள்ளும். புத்தகத்தை மூடி வெறுந்தாளின்முன் அமர்ந்தபோதுதான் உண்மை புலப்படும்.

இதனை அளந்து காட்டிய ஆராய்ச்சியொன்றை இங்குக் கூறுதல் தகும். செயிண்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளநூல் அறிஞர் இருவர் 2006இல் வெளியிட்டது அது. சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு கட்டுரைகளை மாணாக்கர் படித்தனர். பின்னர், ஒரு கட்டுரையைத் திரும்பவும் படித்தனர். மற்றொரு கட்டுரையைத் திரும்பப் படியாமல், நினைவில் நின்றதை வெறுந்தாளில் எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தது நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தது 75 பங்கும் நினைவில் இருந்தன. இரண்டு நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறியது: திரும்பப் படித்தது 54, எழுதிப் பார்த்தது 68. ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது முறையே 42, 56. தொடர்ந்து நடத்திய மற்றொரு சோதனையில், பலமுறை படித்தவரே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பினர். ஒரு வாரத்திற்குப்பின் குறைவாக நினைவிற்கொண்டிருந்தவரும் அவரே.

இதனால் அறியக் கிடப்பது யாது? பரீட்சை அறிவை அளப்பதோடு நில்லாது, அறிவை வலுப்படுத்தவும் செய்கின்றது. பரீட்சைக்கு முந்திய இரவிலே படித்தவர் மறுநாட் காலையில் ஒருவாறு எழுதிவிடுதல் கூடும். ஆனால் அவ்வறிவு இறுதிப் பரீட்சைவரை நில்லாது. அடுத்த ஆண்டின் பாடத்திற்கோ அது சிறிதும் உதவாது. மணலின்மேற் கட்டிய வீட்டின் கதியே அதன் கதி.

ஆயத்தஞ் செய்யும் முறை

இவ்வுண்மைகளை அடிப்படையாகக் கொண்டு மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்தபின் புத்தகத்தையும் குறிப்பையும் மூடிவைத்து, அன்று கற்றதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுத வாராத இடமே மீண்டும் படிக்கவேண்டிய இடம். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, செய்துகாட்டிய கணக்கைப் படித்து முடித்ததும், அதனை மறைத்துத் தாமே முதலிலிருந்து செய்தல் வேண்டும். இடையில் தடைப்பட்டால் ஒரு வரி மாத்திரம் பார்த்துவிட்டு மீண்டும் மறைத்தல் வேண்டும். விடையைக் கண்டபின், அது பொருத்தமுடையதோ என்று வினவுதல் வேண்டும். கிராம் வரவேண்டிய இடத்தில் மோல் வந்துள்ளதோ? கலத்தில் இட்டதைவிட மிகுதியான எடை பிறந்துள்ளதோ? ஓர் அணுவின் எடை ஒரு கிராமுக்கு மேலாகத் தோன்றுகின்றதோ? இத்தகைய வினாக்கள் பல பிழைகளைத் தாமே களையும்.

மூன்றாவது, பழைய வினாப்பத்திரங்களை விளையாட்டாகப் புரட்டுதல் பயன்தராது. பரீட்சைக்குரிய காலத்தையே வரையறுத்து, பரீட்சையில் அனுமதிக்கப்படும் ஆவர்த்தன அட்டவணை, கணக்கிடு கருவி ஆகியவற்றை மாத்திரம் அருகில் வைத்து, இடையில் எழாது செய்தல் வேண்டும். திருத்துங்கால் மதிப்பெண்ணை எண்ணுவதோடு நில்லாது, ஒவ்வொரு பிழையும் எவ்வகையினது என்று பகுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். கருத்து விளங்காமையால் வந்த பிழை, கணக்கில் நேர்ந்த பிழை, வினாவைச் சரியாகப் படியாமையால் நேர்ந்த பிழை என மூவகையாகப் பகுத்தாற் போதும். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. கருத்துப் பிழைக்கு நூறு கணக்குச் செய்தாலும் தீர்வு இல்லை. கணக்குப் பிழைக்கு நூறு பக்கம் படித்தாலும் தீர்வு இல்லை.

நான்காவது, தனித்துப் படித்தபின் பிறரோடு கூடிப் பேசுதல் வேண்டும். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நியூயார்க் நகரக் கல்லூரியின் இரசாயன வகுப்பில் ஒரு முறை தோன்றிற்று. முன்னாண்டில் அப்பாடத்தை நன்கு முடித்த ஒரு மாணாக்கரைத் தலைவராகக் கொண்டு, ஆறு முதல் எட்டுப் பேர் வாரந்தோறும் கூடிக் கணக்குகளை ஆராய்வர். தலைவர் விடை கூறுவதில்லை. விடை காணும் வழியைப் பேசச் செய்வார். பின்னர் இம்முறை அந்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிற் பரவிற்று. ஒரு கருத்தைத் தோழருக்கு விளங்கும்படி உரைக்க முயன்றவர்க்கே தம் அறிவிலுள்ள இடைவெளி புலப்படும்.

பரீட்சை மண்டபத்தில்

ஆயத்தஞ் செய்தவரும் மண்டபத்தில் மதியிழத்தல் உண்டு. அங்கே கடைப்பிடிக்கத்தக்கன சில. வினாப்பத்திரம் ஏ, பி என்னும் வேறு வேறு வரிசைகளில் அச்சிடப்பட்டிருக்கலாம். தமக்குரிய வரிசையைத் தாளில் முதலிலேயே குறித்துவிடுதல் வேண்டும். வினாவைப் படித்ததும் விடைகளை நோக்காது, தாமே விடை கண்டபின் அவற்றை நோக்குதல் நன்று. அச்சிட்ட விடைகள் மனத்தைத் தம் வழியே இழுக்கும் இயல்புடையன. ஒரு வினாவில் மூன்று நிமிடம் கழிந்தும் வழி தோன்றாவிடின் அதனை விட்டு மேற்செல்லுதல் வேண்டும். கடினமான வினாவிற்கும் எளிய வினாவிற்கும் பெரும்பாலும் ஒரே மதிப்பெண்தான். அவ்வாறு ஒரு வினாவை விடுங்கால் விடைத்தாளிலும் அதற்குரிய வரியை விடுதல் மறக்கலாகாது. ஒரு வரி பிறழ்ந்தால் பின்வரும் விடைகள் யாவும் பிறழும். பிழையான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தால், ஒரு வினாவையும் வெறுமையாக விடுதல் கூடாது.

மதிப்பெண்ணும் நீதியும்

இனி ஆசிரியர் கடமையைப் பற்றியும் சிறிது கூறாது விடுதல் முறையன்று. சில வகுப்புகளில் மதிப்பெண்களை ஒப்புநோக்கித் தரம் வகுக்கும் வழக்கம் உண்டு. நூறு பேருள் மேலான பதினைந்து பேருக்கே முதல் தரம் என்று வரையறுத்துவிட்டால், பதினாறாமவர் எத்துணை நன்றாகக் கற்றிருந்தாலும் அத்தரத்தை அடைதல் இயலாது. தோழருக்கு ஒரு கணக்கை விளக்கினால் தமக்கே தீங்கு என்னும் எண்ணம் அவ்வகுப்பில் முளைக்கும். மறுபுறம், வினாப்பத்திரம் எதிர்பாராத வகையிற் கடினமாகி, வகுப்பின் சராசரியே நூற்றுக்கு 45 ஆகிவிட்டால், மாணாக்கரைக் காப்பது இம்முறையே. ஆகவே முன்னரே அறிவித்த அளவுக்குக் கீழே ஒருவரையும் தள்ளாது, வேண்டுமிடத்து மேலே உயர்த்துதற்கு மாத்திரம் இம்முறையைக் கையாளுதல் நேரிதாகும்.

வினாக்களையும் பரீட்சித்தல் வேண்டும். பாடத்தில் வல்லவர் பலரும் தவறி, வல்லரல்லாதார் பலரும் சரியாக விடையளித்த வினா ஒன்று இருப்பின், குற்றம் வினாவினிடத்தே இருத்தல் கூடும். அமெரிக்க இரசாயனச் சங்கப் பரீட்சைகளில், வினாக்களை முன்னரே மாணாக்கரிடம் இட்டுப் பார்த்து, இவ்வாறு ஆராய்ந்து, தகுதியற்றவற்றை நீக்கிய பின்னரே வெளியிடுவர்.

2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. அது பொது இரசாயனத்திற்கு அடுத்ததாகிய அங்கக இரசாயன வகுப்பில் நிகழ்ந்தது. அவ்வகுப்பின் 350 மாணாக்கருள் 82 பேர், தம் உழைப்பிற்குத் தக்க மதிப்பெண் கிடைக்கவில்லை என்பது முதலிய குறைகளைக் கூறி விண்ணப்பம் எழுதினர். நெடுங்கால அனுபவமுடைய அவ்வாசிரியரின் ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் முடித்துவிட்டது. மாணாக்கர் வினாக்களையே சரியாகப் படிப்பதில்லை, உழைப்புக் குறைந்துவிட்டது என்பது ஆசிரியர் கட்சி. உதவி போதாது என்பது மாணாக்கர் கட்சி. எக்கட்சி மெய் என்று தீர்ப்பது நம் கருத்தன்று. ஒரு பரீட்சையின் மதிப்பெண்ணிற்குள் மாணாக்கர் எதிர்காலமும், ஆசிரியர் மனச்சான்றும், பொதுமக்கள் நலமும் ஒருங்கே அடங்கியுள்ளன என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பொதுமக்கள் நலம் என்றதனை மிகையென எண்ணற்க. பொது இரசாயனம் பயில்வோருட் பலர் நாளை மருத்துவரும், செவிலியரும், மருந்தாளரும் ஆவர். நோயாளியின் இரத்தக் குழாயிற் செலுத்தும் உப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். பொட்டாசியம் குறைந்த நோயாளிக்குப் பொட்டாசியம் குளோரைடை நீரிற் கலந்து மெல்லச் செலுத்துவர். அளவு பன்மடங்கு மிகுந்தாலோ இதயம் நின்றுவிடும். பரீட்சைத் தாளில் தசமப் புள்ளி ஓரிடம் பெயர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும். மருத்துவச் சாலையில் அது பெயர்ந்தால் ஓர் உயிர் போகும். கரைசலின் செறிவைக் கணக்கிட அறியாதவரை இரக்கத்தாற் தேற்றிவிடுதலும், அறிந்தவரைச் செம்மையற்ற வினாவால் தள்ளிவிடுதலும் ஒப்பக் குற்றமாம்.

ஆகவே ஆசிரியர் நேரிய வினாக்களை அமைப்பாராக. மாணாக்கர் பிறர் தம்மைச் சோதிக்குமுன் தம்மைத் தாமே பலகாற் சோதிப்பாராக. புத்தகத்தை மூடி, வெறுந்தாளின்முன் அமர்ந்து, தெரியாததைத் தெரியாதது என்று தனிமையிற் கண்டுகொள்ளுதலில் இழுக்கு ஒன்றுமில்லை. அவ்வாறு பழகியவர்க்குப் பரீட்சை நாள் மற்றுமொரு பயிற்சி நாளாகவே தோன்றும்.